மொட்டை மாடிக்குப் போன கதவுகள்

போன வாரம் அப்பா கோபித்துக்கொண்டு சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துபோன இடத்தில் நிறுத்தியிருந்தோம். கவலைப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது, வந்து சாப்பிட்டுவிட்டார்.

ஆனால் கோபம் போகவில்லை. "சைட் பக்கம் வராதீங்கப்பா, சும்மா வீட்டுல இருங்க" என்று மகன் சொன்னது அவருக்குள் முள்ளாக நின்றுவிட்டது. அந்தக் கட்டட கம்பெனியைத் தொடங்கியதே அவர்தான். ஒரு மண்வெட்டியும் இரண்டு சட்டியும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர். இப்போது அதை நடத்துவது மகன், வீட்டில் பெரியவன். கட்டடத்துக்கு மூளையாக இருப்பது மகள், வீட்டில் பாப்பா.

பாப்பா என்றால் சின்னப் பெண் இல்லை. ஒரு கட்டடம் தண்ணீரையும் மின்சாரத்தையும் எப்படிக் குறைவாகச் செலவழிக்கலாம் என்பதையே படித்து, வெளியில் ஒரு கம்பெனியில் அதையே வேலையாகச் செய்து, போன வருஷம்தான் குடும்பத் தொழிலுக்குத் திரும்பி வந்தவள். சைட்டில் வேலை செய்பவர்கள்கூட 'பாப்பா மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரிலிருந்து தப்பிக்க அவள் எடுத்த முயற்சிகளை எழுதினால் அது தனித் தொடராகிவிடும்.

அவள் வந்த கையோடு, கட்டிக்கொண்டிருந்த மூன்று மாடிக் கட்டடத்தைப் பசுமைக் கட்டடச் சான்றுக்குப் பதிவு செய்தாள். அது பரீட்சை மாதிரிதான். தண்ணீர் மிச்சம் பிடிக்கும் குழாய் வைத்தால் புள்ளி. மழைநீரைத் தொட்டியில் சேர்த்தால் புள்ளி. கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசினால் புள்ளி. எல்லாவற்றையும் கூட்டி இவ்வளவு வந்தால் வெள்ளி, இவ்வளவு வந்தால் தங்கம்.

"நான் கட்டின எந்த வீடும் பரீட்சை எழுதினதில்ல" என்பார் அப்பா. "எல்லாம் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு."

தங்கத்துக்கு இன்னும் இரண்டு புள்ளி வேண்டும். அந்த இரண்டும் காற்றில் இருந்தன. உள்ளே இருக்கும் காற்றை ஒருவர் வந்து சோதிப்பார். பெயின்ட், பசை, பாலிஷ் இவற்றிலிருந்து கிளம்பும் ஆவி அளவுக்குள் இருந்தால் இரண்டு புள்ளி. அதற்காக வாரக்கணக்கில் மின்விசிறிகளை ஓடவிட்டு, சன்னல்களைத் திறந்துபோட்டு, கட்டடத்தையே கழுவிக் காயப்போட்டதுபோல் வைத்திருந்தாள் பாப்பா.

சோதனை நாள் அன்று அவள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. பவுடர் போடவில்லை. சோப்பைக்கூட ஒப்புக்குத் தொட்டுவிட்டு வைத்துவிட்டாள். அண்ணனின் ஷேவிங் லோஷனை முந்தின நாளே எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள்.

இப்படியெல்லாம் தன்னை மணமற்றவளாக ஆக்கிக்கொண்டு அவள் ஸ்கூட்டியை நிறுத்தியபோது, கட்டடத்தின் வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வெளுத்த சட்டை. படிய வாரிய தலை. பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாரான முகம்.

அவருக்குப் பின்னால் முன்கதவு மின்னியது.

பாப்பா கதவின் அருகே போனாள். அதில் அவள் முகம் தெரிந்தது. முகம் நன்றாக இல்லை.

"என்னப்பா இது?"

"பளபளன்னு இருக்கில்ல? நேத்து சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அப்ப முடிச்சேன். கீழ்த்தளத்துல அத்தனை கதவும். பரீட்சைக்கு ஆள் வர்ற நேரத்துல, காய்ச்சல்ல கிடந்து எழுந்தவன் மூஞ்சி மாதிரி வெளிறிப்போய் நின்னுக்கிட்டிருந்துது எல்லாம்."

"சாவி?"

"என்கிட்ட இல்லாத சாவியா. பழைய வார்னிஷ் டப்பா ஒண்ணு வெச்சிருந்தேன், பாப்பா. அந்தச் சரக்கு இப்பல்லாம் கடையில கிடைக்கறதே இல்ல."

அது ஏன் இப்போது கிடைப்பதில்லை என்பது பாப்பாவுக்குத் தெரியும். அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கியவன் ஒரு கால் தரையிலும் ஒரு கால் காரிலுமாக நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்ன வாசனை இது?"

"நல்லா இருக்கில்ல?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அண்ணன் பேசியதை எல்லாம் அப்படியே எழுத முடியாது. சுருக்கம் இதுதான்: வீட்டிலிருக்கச் சொன்னது எதற்கு, யார் கேட்டார்கள், இத்தனை நாள் உழைப்பு தண்ணீரில் போனது, ஒரு டப்பா வார்னிஷில் குடும்ப மானம் போயிற்று.

அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "வாசனைக்கு எதுக்குடா மார்க்கைக் குறைக்கணும்? நாத்தம் அடிச்சா குறைக்கட்டும்" என்றார்.

"வாசனை இல்லப்பா" என்றாள் பாப்பா. குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அது கெமிக்கல் ஆவி. காத்துல கலந்திருக்கு. வர்றவர் கொண்டுவர்ற மிஷின் அதைத்தான் தேடும். கீழ்த்தளத்தை யாருக்குக் குடுக்கறோம்னு உங்களுக்குத் தெரியுமில்ல? இளைப்பு டாக்டருக்கு. வர்றது பூரா வீசிங் இருக்கற குழந்தைங்க."

அப்பாவின் முகம் மெல்ல இறங்கியது. வாரிய தலை மட்டும் அப்படியே இருந்தது.

"இதை நேத்தே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

உண்மைதான். அவரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. வீட்டிலிருங்கள் என்பதை மட்டும்தான் சொன்னார்கள்.

அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கதவையே முறைத்தான். அவனுக்கு யோசனை வந்தால் காது சிவக்கும். சிவந்தது.

"கழட்டிடலாம்."

"என்ன?"

"கதவை. எல்லாத்தையும். மொட்டை மாடிக்குக் கொண்டு போயிடலாம். கதவே இல்லைன்னா வார்னிஷ் எங்கிருந்து வரும்?"

பாப்பா வாயைத் திறப்பதற்குள் அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு கீலின் முன்னால் குந்திவிட்டார். அவருக்குக் கழுவாய் தேட ஒரு வழி கிடைத்தால் போதும் என்றிருந்தது. சைட்டில் இருந்த இரண்டு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். முன்கதவு, ஆலோசனை அறைகள், மருந்து அறை, கழிவறை என்று ஒன்றொன்றாகக் கதவுகள் இறங்கின.

லிப்டில் ஏற்றப் பார்த்தார்கள். நுழையவில்லை. மின்சாரம் குறைவாக இழுக்கும் சின்ன லிப்ட் வேண்டும் என்று பாப்பாதான் தேர்ந்தெடுத்திருந்தாள். அதற்கு ஒரு புள்ளி வந்திருந்தது. எனவே கதவுகள் படியேறின.

முதல் கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு படி திரும்பும்போதுதான் அண்ணனுக்கு ஒன்று உறைத்தது. வார்னிஷ் முழுசாகக் காயவில்லை. அவன் கதவை இறக்கிவைத்தான். சட்டையின் தோள்பட்டை கதவோடு தங்கிவிட்டது.

அண்ணி அப்போதுதான் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்று பாதி நாள் விடுப்பு போட்டிருந்தாள். புருஷன் ஒரு தோள் வெளியே தெரிய, கன்னத்தில் தேன் நிறத்தில் ஒரு கோடு மினுங்க, கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைக் கீழிருந்து பார்த்தாள்.

"யாரை விட்டுட்டு யாரோட போறீங்க?" என்றாள்.

"சும்மா இரு. அப்பா பண்ணின வேலை."

"மாமா பண்ணின கதவு நல்லாத்தான் இருக்கு. உங்களைத்தான் பாக்க சகிக்கல."

பாப்பாவின் வாயிலிருந்து புள்ளிக் கணக்குக் கேட்டுக்கேட்டு அண்ணியும் வீட்டில் புருஷனுக்குப் புள்ளி போட ஆரம்பித்திருந்தாள். ஞாயிறு காய்கறி வாங்கி வந்தால் ஒன்று. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் அந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வாள். அண்ணன் இன்னும் வெள்ளியைக்கூட எட்டவில்லை.

கடைசிக் கதவு மாடிக்குப் போய்ச் சேரவும், காற்றுச் சோதனைக்காரரின் வண்டி வரவும் சரியாக இருந்தது.

ஒல்லியான மனிதர். இரண்டு கையிலும் இரண்டு பெட்டி. வாசலில் நின்று பெட்டிகளைக் கீழே வைத்து, கைக்குட்டையை எடுத்து, நாலைந்து தும்மலைத் தொடர்ந்து போட்டார்.

"மன்னிக்கணும். ஒரு வாரமா ஜலதோஷம். மூக்கு சுத்தமா அடைச்சிருக்கு. பக்கத்துல பெட்ரோல் கொட்டினாலும் தெரியாது."

அண்ணனின் முகத்தில் விளக்கு எரிந்தது. தங்கையின் காதருகே குனிந்து, "நம்ம பக்கம் ஆண்டவன் இருக்கான்" என்றான்.

"மிஷினுக்கு ஜலதோஷம் இல்ல" என்றாள் பாப்பா.

சோதனைக்காரர் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். "கதவு இன்னும் மாட்டலையா?"

"டிசைனே அப்படித்தான் சார்" என்றான் அண்ணன். "காத்தோட்டம். பசுமைக் கட்டடம் இல்லையா."

சோதனைக்காரர் தலையாட்டினார். இரண்டடி நடந்தார். நின்றார்.

"கழிவறைக்குமா?"

அப்பா சட்டென்று கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

சோதனைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. பல கட்டடங்களைப் பார்த்த மனிதர். குழந்தைகளுக்கான ஆலோசனை அறையில் முக்காலியை விரித்து, ஒரு பெட்டியைத் திறந்து, குழாயைப் பொருத்தினார். சன்னல்களை மூடினார். பேனாவை எடுத்துக்கொண்டு, "ஒரு கேள்வி கேக்கணும், வழக்கமான கேள்விதான். சமீபத்துல உள்ள பெயின்ட், பாலிஷ், பசை வேலை ஏதாவது நடந்துதா?" என்றார்.

"அதெல்லாம் முடிஞ்சு ரொம்ப…" என்று அண்ணன் தொடங்கினான்.

பாப்பா அந்த அறையைப் பார்த்தாள். சுவரில் குழந்தைகள் உயரத்துக்குத் தாழ்வாக ஒரு சன்னல் வைத்திருந்தாள். படுத்துக்கொண்டு மூச்சுக்கு மருந்துக் குழாய் மாட்டியிருக்கும் குழந்தைக்கு வெளியே மரம் தெரியட்டும் என்று அவளே சண்டை போட்டு வைத்த சன்னல். அதற்கும் ஒரு புள்ளி வந்தது. ஆனால் புள்ளிக்காக வைத்ததில்லை.

"நேத்து சாயங்காலம் வார்னிஷ் அடிச்சாச்சு" என்றாள். "இந்தத் தளத்துல எல்லாக் கதவுக்கும். இப்ப கதவெல்லாம் மொட்டை மாடியில இருக்கு."



"அடிச்சது நான்" என்றார் அப்பா. "பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

"தூக்கினது நான்" என்றான் அண்ணன், வேறு வழியில்லாமல். தோளைப் பார்த்தாலே அது தெரிந்தது.

சோதனைக்காரர் பேனாவை மூடினார். மிஷினின் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "நல்ல வேளை மேடம். இதை அமுக்கிட்டேன்னா, வர்ற முடிவு எதுவா இருந்தாலும் நான் எழுதித்தான் ஆகணும். தோத்தா அதுவும் பதிவாகும். இப்ப சோதனையே நடக்கலைன்னு போயிடும்."

"சொல்லாட்டியும் நான் சொல்லியிருப்பேன்" என்றது வாசலில் ஒரு குரல். "தெருமுனையிலேயே வாசனை வந்துடுச்சு எனக்கு."

இளைப்பு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். குட்டையான அம்மாள்; தோளில் பெரிய பை. எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கதவு இல்லாத கட்டடத்தில் அது ஒரு சங்கடம்.

அண்ணன் சட்டையின் கிழிசலைக் கையால் மூடிக்கொண்டான்.

டாக்டர் நேரே அப்பாவிடம் போனார். "நீங்கதான் அடிச்சதா? நானும் பாத்தேன், வாசல் நிலையில கொஞ்சம் மிச்சமிருக்கு. அருமையான கைவேலை. எங்க வீட்டு வெளிக் கேட் ஒண்ணு பாழாய்ப் போய்க் கிடக்கு, வந்து அடிச்சுக் குடுங்க. வெளிக் கேட்டுக்கு மட்டும்."

அப்பாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அந்தக் குழந்தைங்க மூக்குல போகும்னு எனக்குத் தோணலைம்மா" என்றார்.

"தோணாது. மணக்கறது எல்லாம் நல்லதுன்னுதானே நினைக்கறோம்." அவர் பாப்பாவின் பக்கம் திரும்பினார். "மறுபடி எப்ப சோதிக்கலாம்?"

"ஒரு வாரம் முழுக்க வெளிக்காத்தை விட்டுட்டு, அப்புறம் பண்ணலாம்" என்றார் சோதனைக்காரர். "ஆனா இவங்க இறுதி விண்ணப்பத்துக்கு நாளைக்குத்தான் கடைசி நாள்னு சொன்னாங்களே."

அதுதான் சிக்கல். விண்ணப்பத்தில் காற்றுக்கான இரண்டு புள்ளி இனி இல்லை. அது இல்லாமல் தங்கம் இல்லை.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "தங்கம் இல்லைன்னா எங்க கிளினிக்கை நடத்தற அறக்கட்டளைக்காரங்க வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டாங்க. அது அவங்க சட்டம். காத்து சரியில்லைன்னா நான் போட மாட்டேன். இது என் சட்டம். எனக்கு ரெண்டும் வேணும். இப்ப இருக்கற இடத்தை இந்த மாசத்தோட காலி பண்ணணும், அதையும் மனசுல வெச்சுக்குங்க."

போகும்போது நின்று, "அதுவரைக்கும் இந்தத் தளத்துச் சாவி இவர்கிட்டயே இருக்கட்டும்" என்று அப்பாவைக் காட்டிவிட்டுப் போனார்.

சோதனைக்காரர் பெட்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாச்சு. மேல் மாடி அறைகள்ல வார்னிஷ் இல்லையே? ஒரு பெட்டியை அங்க ஓடவிட்டுட்டுப் போறேன். கணக்குல சேராது, அடுத்த வாரம் ஒப்பிட்டுப் பாக்க உதவும். சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

"தாராளமா" என்றாள் பாப்பா. அண்ணன் அப்போது கன்னத்து வார்னிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

பிறகு நான்கு பேரும் தரையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தார்கள். எங்காவது இரண்டு புள்ளி ஒளிந்திருக்க வேண்டும்.

"செடி வெச்சா?" என்றார் அப்பா.

"வெச்சாச்சு. தண்ணி அதிகம் கேக்காத செடி. அதுக்கு வாங்கியாச்சு."

"குப்பை?"

"உடைஞ்ச செங்கல், கம்பி, மரத்துண்டு எல்லாம் தனித்தனியாப் பிரிச்சு அனுப்பினோம். அதுவும் வாங்கியாச்சு."

"இந்தக் குழாய்? தண்ணி வர்றதே தெரியல. கண்ணைக் கசக்கினா இதைவிட அதிகம் வரும்."

"அதுக்குத்தான்ப்பா முதல் புள்ளியே."

கணக்கு டீச்சர் வேறு வழியில் போனாள். "வாங்கினதைச் சொல்லாதே. வாங்க முடியும்னு இருந்து வாங்காம விட்டது என்ன?"

பாப்பா விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "சைக்கிள்ல வேலைக்கு வர்றவங்களுக்கு நிறுத்த இடம், வந்ததும் குளிக்க ஒரு அறை. ரெண்டும் இருந்தா ஒரு புள்ளி. வரைபடத்துல, கார் நிறுத்தற அடித்தளத்துல குளியலறை இருக்கே. அண்ணே, இதை ஏன் வேண்டாம்னு எடுத்தோம்?"

"பைப் ஒழுகுது" என்றான் அண்ணன். கொஞ்சம் வேகமாகவே சொன்னான்.

"சரிபண்ணிடலாமே. வாங்க பாக்கலாம்."

"சாவி தொலைஞ்சுபோச்சு."

அப்பா எழுந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து அவருக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது.

அடித்தளத்துக் குளியலறையின் கதவு கீலோடு வந்தபோது உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு சோபா இருந்தது. சின்ன பிரிட்ஜ் இருந்தது. சுவர் நிறைய ஒரு டிவி இருந்தது. ஏசி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

அண்ணிதான் முதலில் உள்ளே போய் சோபாவை அழுத்திப் பார்த்தாள்.

"பைப் ஒழுகுதுன்னீங்களே."

"ஒழுகுது" என்றான் அண்ணன். "ஏசியில இருந்து."

"சாயங்காலமானா சைட் மீட்டிங், சைட் மீட்டிங்னு ஓடுவீங்களே. இவங்களோடதானா?" அவள் டிவியைக் காட்டினாள். "நானும் பாவம்னு சூடா டீ போட்டு பிளாஸ்குல குடுத்தனுப்பினேன்."

"வீட்டுல ரிமோட் எப்பவாவது என் கைக்கு வந்திருக்கா?" என்றான் அவன். இது அவன் மனசின் அடியிலிருந்து வந்தது.

அப்பா டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பைப்பெல்லாம் சரியா முடிச்சு மூடி போட்டிருக்கு, பாப்பா. குழாயை மாட்டினா முடிஞ்சுது. டைல்ஸ்கூட இருக்கு. சோபாவுக்கு அடியில."

ஒரு புள்ளி கிடைத்தது. இன்னொன்றுக்குப் பாப்பா பக்கத்தைத் திருப்பினாள். பல பேர் சேர்ந்து வரும் காருக்கும் மின்சாரக் காருக்கும் லிப்டுக்கு மிக அருகில் இடம் ஒதுக்கினால் ஒரு புள்ளி. லிப்டுக்கு மிக அருகில் இருந்த இடத்தில், நிழலில், 'நிறுவனர்' என்று பெயின்டில் எழுதிய இடத்தில், அண்ணனின் கார் நின்றிருந்தது. நிறுவியவர் ஸ்க்ரூ டிரைவரோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"அந்த ரெண்டையும் என்கிட்ட இருந்தேதான் எடுக்கணுமா?" என்றான் அண்ணன்.

"உங்ககிட்டதானே எடுக்காம மிச்சம் இருந்தது" என்றாள் அண்ணி.

பிளம்பர் வந்தார். சோபா வெளியேறியது. அது லிப்டில் நுழைந்தது. அதற்கு மட்டும் அதிர்ஷ்டம். சைக்கிள் நிறுத்தக் கம்பி வளைத்து நட்டார்கள். 'நிறுவனர்' என்ற எழுத்தின் மேல் சுண்ணாம்பை அப்பாவே பூசினார். அதற்குப் பின் அவர் போய்க் கீழ்த்தள வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கொடுத்த பதவியை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போக வந்த பிளம்பரை முகர்ந்து பார்த்து, பீடி வாசனை என்று திருப்பி அனுப்பினார். மருமகளைப் பவுடருக்காக நிறுத்தினார். மகனை ஒன்றும் முகராமலே நிறுத்தினார்.

மாலையில் பாப்பா புது விவரங்களைச் சேர்த்து, படம் எடுத்து ஒட்டி, கூட்டிப் பார்த்தாள். அண்ணி ஒருமுறை கூட்டினாள். தங்கம் வந்தது. மயிரிழையில் வந்தாலும் தங்கம் தங்கம்தான். காலையில் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அன்று இரவுச் சாப்பாட்டில் வீடு கலகலத்தது. சோதனைக்காரர் 'கழிவறைக்குமா' என்று கேட்டதை அப்பா தும்மலோடு சேர்த்து நடித்துக் காட்டினார். அண்ணன் முதலில் உம்மென்று இருந்தான். இரண்டாவது முறை நடித்தபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து சைட்டின் சாவிக்கொத்தை எடுத்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்கிட்ட வேற இருக்கு" என்றார் அப்பா. ஆனாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு ஒண்ணு" என்றாள் அண்ணி புருஷனைப் பார்த்து. "முழுசா ஒண்ணு."

பாப்பாவின் போன் அடித்தது. கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். காற்றுச் சோதனைக்காரர்.

"மேடம், மேல் மாடிப் பெட்டியை எடுத்துட்டு வந்து பாத்தேன். கணக்குல சேராதுன்னு சொன்னேன், இருந்தாலும் உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. ஆவி அளவு ரொம்ப அதிகமா காட்டுது. இருக்க வேண்டியதைப் போல நாலஞ்சு மடங்கு."

பாப்பா சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். "கதவெல்லாம் அதுக்கு மேல மொட்டை மாடியிலதானே இருக்கு சார். அந்த வார்னிஷா இருக்கும்."

"அதையும் யோசிச்சேன். வெளியில இருக்கறது காத்தோட போயிடும் மேடம், சன்னலை மூடித்தான் வெச்சேன். அதோட, இது வார்னிஷ் மாதிரி இல்ல. சுவர்ல இருந்து வருது. அங்க என்ன பெயின்ட் அடிச்சீங்க?"

அவள் பெயின்டின் வகையைச் சொன்னாள். ஆவி விடாத பெயின்ட். அவளே கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பத்தில் அதற்கும் தனியாகப் புள்ளி இருந்தது. அது போனால் சோபாவும் கார் நிறுத்தமும் சேர்ந்தாலும் கரையேற முடியாது.

"அந்தப் பெயின்டா? அதுல இந்த அளவுக்கு வரவே வராதே மேடம்" என்றார் சோதனைக்காரர். ஒரு தும்மல் போட்டார். "டப்பாவை நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

கீழ்த்தளத்து டப்பாக்களை அவள் பார்த்திருந்தாள். இரண்டாவது தளத்ததையும் பார்த்திருந்தாள். மேல் மாடிக்குப் பெயின்ட் அடித்த வாரம் அவள் ஊரில் இல்லை.

"நாளைக்குக் கூப்பிடறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"மேல் மாடிக்குப் பெயின்ட் வாங்கினது யாரு?" என்றாள் அண்ணி. வகுப்பில் கேட்கும் குரல்.

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். காலையில் ஒரு டப்பா வார்னிஷுக்காகத் தெரு கேட்கக் கத்தியவன், தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். காது சிவக்கவில்லை. வெளுத்திருந்தது.

அப்பா தண்ணீர்ச் செம்பை மகன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அண்ணன் அதைத் தொடவில்லை. "பாப்பா" என்றான், "அந்த விண்ணப்பத்தைக் காலையில அனுப்பாதே."